பிள்ளைக்குக் கணக்கு வராதுன்னு யார் சொன்னது?



இந்த மாதப் பாடம் நம் பெண் பிள்ளைகளின் படிப்பைப் பற்றியது. "படிப்பைப் பத்தித்தான் நிறையப் பேசியாச்சே, எங்க பிள்ளைங்க எல்லாம் பள்ளிக்கூடம் போகுதுங்களே" என்று நீங்கள் கேட்கலாம். உண்மைதான். பெண் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பலாமா வேண்டாமா என்ற பேச்சே இன்றைக்கு நம் குழுக்களில் எழுவதில்லை. அது நாம் எல்லோரும் சேர்ந்து கடந்து வந்த பாதை.

இப்போதுள்ள கேள்வி வேறு. அவள் என்ன படிக்கிறாள்? அதை யார் முடிவு செய்கிறார்கள்? கணிதம், அறிவியல், கம்ப்யூட்டர், பொறியியல் போன்ற படிப்புகளில் நம் கிராமத்துப் பெண் பிள்ளைகள் குறைவாகத்தான் சேர்கிறார்கள். அதிலும் காலனிப் பிள்ளைகள், மலைக்கிராமத்துப் பிள்ளைகள், கூலி வேலைக்குப் போகும் வீட்டுப் பிள்ளைகள் இன்னும் குறைவு. மத்திய அரசின் 2020-21 உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி, நாடு முழுவதும் பொறியியல் பட்டப்படிப்பில் பத்துப் பேரில் சுமார் மூன்று பேர்தான் பெண்கள். மீதி ஏழு இடமும் ஆண் பிள்ளைகளுக்கு.

சேமிப்பும் கடன் வசூலும் முடிந்த பிறகு அரைமணி நேரம் ஒதுக்கி இந்தப் பாடத்தைப் படியுங்கள். ஒருவர் சத்தமாகப் படிக்க மற்றவர்கள் கேட்கலாம். பத்தாவது, பதினொன்றாவது படிக்கும் பெண் பிள்ளைகள் ஊரில் இருந்தால் அவர்களையே கூப்பிட்டுப் படிக்கச் சொல்லுங்கள்.

முதலில் ஒரு குழுக் கணக்கு

உங்கள் குழுவில் ஒரு அக்கா 10,000 ரூபாய் உள்கடன் வாங்குகிறார். பத்து மாதத் தவணை. வட்டி நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய். அசல் குறையக் குறைய வட்டியும் குறையும். அவர் மொத்தம் எவ்வளவு வட்டி கட்டுவார்?

இதை நம் பிரதிநிதிகள் எப்படிப் போடுவார்கள் என்று பார்த்திருக்கிறோம். முதல் மாதம் 10,000-க்கு 100 ரூபாய். அசலில் 1,000 கட்டியாயிற்று, அடுத்த மாதம் 9,000-க்கு 90. அப்புறம் 80, 70, 60, 50, 40, 30, 20, கடைசி மாதம் 10. எல்லாவற்றையும் கூட்டினால் 550 ரூபாய்.

சில பேர் இன்னும் சுருக்கமாகப் போடுவார்கள். முதல் மாதமும் கடைசி மாதமும் சேர்ந்தால் 110. இரண்டாவது மாதமும் ஒன்பதாவது மாதமும் சேர்ந்தால் 90-ம் 20-ம் 110. இப்படி ஐந்து ஜோடி. ஐந்து 110, 550. முடிந்தது.

இப்போது உங்கள் வீட்டில் பத்தாம் வகுப்புப் பிள்ளையின் கணக்குப் புத்தகத்தை எடுத்துப் பாருங்கள். 'எண்களும் தொடர்வரிசைகளும்' என்று ஒரு பாடம் இருக்கும். அதில் கூட்டுத் தொடர்வரிசை என்று வரும். ஒரே அளவு குறைந்துகொண்டோ கூடிக்கொண்டோ போகும் எண்களை மொத்தமாகக் கூட்டுவது எப்படி என்பதுதான் அந்தப் பாடம். மேலே நீங்கள் போட்ட கணக்கும் அதுவும் ஒன்றே. புத்தகத்தில் அதற்கு ஒரு சூத்திரம் இருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

ஆனால் கூட்டத்தில் கேட்டால் நாம் என்ன சொல்கிறோம்? "எனக்கு எங்கே கணக்கு வந்துச்சு, எம் பிள்ளைக்கு வர்றதுக்கு?" இருபது பேரின் சேமிப்பு, கடன், வட்டி, அபராதம் எல்லாவற்றையும் பைசா பிசகாமல் பார்க்கிறவர் இப்படிச் சொல்கிறார். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மகள் அதைக் கேட்கிறாள். அம்மாவுக்கே வராதது நமக்கு எப்படி வரும் என்று அவளும் நினைத்துக்கொள்கிறாள்.

கணக்கு என்பது ரத்தத்தில் வருகிற சொத்து இல்லை. பழக்கத்தில் வருவது. குழு தொடங்கிய முதல் வருஷம் பதிவேட்டைத் தொடவே பயந்த எத்தனையோ பேர் இன்றைக்குத் தணிக்கையாளரோடு வாதம் செய்கிறார்கள். பிள்ளைக்கும் அதேதான்.

சமையலறையில் அறிவியல்

தயிருக்கு உறை ஊற்றுவதும் அப்படித்தான். பால் கொதிக்கும்போது உறை ஊற்ற மாட்டோம். ஆறி, விரல் வைத்தால் வெதுவெதுப்பாக இருக்கும்போதுதான் ஊற்றுவோம். ஏன்? உறையில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் இருக்கின்றன. கொதிக்கும் பாலில் அவை செத்துப்போகும். ரொம்பக் குளிரில் வேலை செய்யாது. மார்கழியில் தயிர் சீக்கிரம் தோயாததும், சித்திரையில் மாவு சீக்கிரம் புளிப்பதும் இதனால்தான். மகள் உயிரியல் புத்தகத்தில் படிப்பதும் இதைத்தான். "ஏன் இப்படி ஆகுது?" என்று ஒரு கேள்வியை வீட்டில் கேட்டுப் பாருங்கள். தெரியாவிட்டால் "நாளைக்கு டீச்சர்கிட்ட கேட்டுட்டு வந்து எனக்குச் சொல்லு" என்று அனுப்புங்கள். அம்மாவுக்குச் சொல்லித்தர வேண்டும் என்றால் பிள்ளை நன்றாகக் கேட்டுக்கொண்டு வரும்.

குரூப் எடுக்கும் நாள்

பத்தாவது முடிவு வந்ததும் பதினொன்றாம் வகுப்பில் எந்தப் பிரிவு, அதாவது எந்த 'குரூப்' என்று கேட்பார்கள். ஒரு சின்ன விண்ணப்பம், ஒரு கையெழுத்து, ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். ஆனால் எந்தக் கதவு திறந்திருக்கும், எது மூடும் என்பது அந்த ஐந்து நிமிடத்தில்தான் முடிவாகிறது.

இயற்பியல், வேதியியல், கணிதம், உயிரியல் நான்கும் எடுத்தால் மருத்துவம், நர்சிங், பொறியியல், விவசாயம், கால்நடை என்று எல்லாப் பக்கமும் போக முயற்சி செய்யலாம். கணிதத்தோடு கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுத்தால் பொறியியல் போகலாம், மருத்துவம் போக முடியாது. கணிதம் இல்லாமல் உயிரியல் பிரிவு எடுத்தால் மருத்துவம், நர்சிங் உண்டு; பொறியியல் பெரும்பாலும் இல்லை. வணிகவியல், கலைப் பிரிவு எடுத்தால் அந்தத் துறைகளில் நன்றாக வரலாம், ஆனால் பிறகு மனசு மாறி பி.எஸ்சி. நர்சிங் போகலாம் என்றால் முடியாது.

வணிகவியல் மட்டம், அறிவியல் உசத்தி என்று நாங்கள் சொல்லவில்லை. பிள்ளைக்கு விருப்பம் இருந்து எடுத்தால் எல்லாப் பிரிவும் நல்ல பிரிவுதான். விருப்பம் ஒன்று, எடுத்தது ஒன்று என்று ஆவதுதான் கவலை. நாங்கள் கிராமங்களில் கேட்டவரை, அறிவியல் வேண்டாம் என்பதற்குச் சொல்லும் காரணம் பெரும்பாலும் பிள்ளையின் மார்க் இல்லை. அவை வேறு.

கூட்டங்களில் கேட்ட காரணங்கள்

"பிராக்டிகல் இருக்கும், வீடு வர ராத்திரி ஆயிரும்." ஆய்வகப் பாடம் உள்ள நாளில் பள்ளி விட நேரமாகிறது. மாலை பஸ் போய்விட்டால் அடுத்த பஸ் இருட்டில்தான். இது உண்மையான கஷ்டம். ஆனால் இது பஸ்ஸின் குறை, பிள்ளையின் குறை இல்லை. ஒரு ஊரில் மூன்று பிள்ளைகள் சேர்ந்து அறிவியல் எடுத்தார்கள். அந்த மூன்று அம்மாக்களும் வாரத்தில் ஆளுக்கு ஒரு நாள் என்று முறை வைத்துக்கொண்டு நிறுத்தத்தில் போய் நின்று கூட்டி வந்தார்கள். கூடவே பஞ்சாயத்துத் தலைவர் மூலம் பஸ் நேரம் பற்றி டிப்போவுக்கு மனுக் கொடுத்தார்கள். நேரம் மாற ஒரு வருஷம் ஆயிற்று. அந்த ஒரு வருஷமும் பிள்ளைகள் படிப்பை விடவில்லை.

"அண்ணன் இன்ஜினியரிங் படிக்கிறான், ரெண்டு பேருக்கும் செலவு பண்ண முடியுமா?" இதற்கான விவரங்கள் கீழே வருகின்றன. அரசுப் பள்ளியில் படித்த பெண் பிள்ளைக்கு மகனைவிடக் குறைந்த செலவே ஆகலாம் என்பது பல வீடுகளில் தெரியவே தெரியாது.

"டியூசன் வைக்காம சயின்ஸ் குரூப் படிக்க முடியாதாம்." பள்ளிப் பாடத்தை அன்றன்றைக்குப் படிக்க ஒன்றரை மணி நேரம் வேண்டும். அந்த ஒன்றரை மணி நேரம்தான் நம் வீடுகளில் கிடைப்பதில்லை. மகன் பள்ளி விட்டு வந்தால் விளையாடப் போகிறான். மகள் வந்தால் தண்ணி, பாத்திரம், தம்பி, அடுப்பு. டியூசனுக்குக் காசு தேடும் முன்னால் இந்த நேரத்தைப் பங்கு போட முடியுமா என்று பாருங்கள்.

"நல்லாப் படிச்சா அதுக்கேத்த மாப்பிள்ளை எங்கே தேடுறது?" இதைச் சொல்லும்போது எல்லோரும் சிரிக்கிறார்கள். ஆனால் நிறைய வீடுகளில் கடைசியில் இதுதான் முடிவு செய்கிறது. நாம் ஒன்று கேட்கிறோம். மகளுக்குச் சொந்தமாகச் சம்பளம் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று வருத்தப்பட்ட அம்மா நம் குழுவில் எத்தனை பேர்? படிப்பு வேண்டாம் என்று நினைத்த அம்மா எத்தனை பேர்? 18 வயதுக்கு முன் திருமணம் செய்வது 2006 குழந்தைத் திருமணத் தடைச் சட்டப்படி குற்றம் என்பதையும் நினைவில் வையுங்கள். அப்படி ஒன்று நடக்கப்போவது தெரிந்தால் 1098 என்ற எண்ணுக்குச் சொல்லலாம்.

"ஆய்வகத்துல பையன்களோட சேர்ந்து நிக்கணும்." இருபாலர் பள்ளிகளில் இன்னொரு விஷயத்தையும் கவனிக்க வேண்டும். பையன்கள் கருவியைப் பிடித்துச் செய்ய, பெண் பிள்ளைகள் பக்கத்தில் நின்று நோட்டில் எழுதுகிறார்கள். கையால் தொட்டுச் செய்யாமல் அறிவியல் வராது. மோட்டார் ஓட்டப் பழகாமல் மோட்டார் பற்றிப் புத்தகத்தில் படித்த மாதிரிதான். இதை ஆசிரியரிடம் தாராளமாகக் கேட்கலாம். பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்று 2009 கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது. ஆக, கேட்க வேண்டிய இடத்தில் நாமே உட்கார்ந்திருக்கிறோம்.

கதவு திறந்தால் என்ன ஆகிறது?

"திறமை இருந்தா தானா வந்துருவாங்க" என்று சிலர் சொல்வார்கள். நடந்ததைப் பார்ப்போம்.

தமிழ்நாட்டில் நீட் தேர்வு வந்த பிறகு, அரசுப் பள்ளியில் படித்து அரசு இடத்தில் எம்.பி.பி.எஸ். சேர்ந்தவர்கள் ஆண்டுக்கு விரல் விட்டு எண்ணும் அளவில்தான் இருந்தார்கள். ஓய்வுபெற்ற நீதிபதி கலையரசன் தலைமையிலான ஆணையத்தின் பரிந்துரையைத் தொடர்ந்து, 2020-ல் 7.5 சதவீத உள்ஒதுக்கீட்டுச் சட்டம் வந்தது. முதல் ஆண்டிலேயே 300-க்கும் மேற்பட்ட அரசுப் பள்ளிப் பிள்ளைகள் எம்.பி.பி.எஸ். சேர்ந்தார்கள். அவர்களும் நீட் தேர்வில் தகுதி பெற்றவர்களே. ஒரே வருஷத்தில் பிள்ளைகளுக்குப் புத்தி கூடிவிட்டதா? இல்லை. புத்தி முன்பும் இருந்தது, வாசல்தான் இப்போது திறந்தது.

ஐ.ஐ.டி. என்று சொல்லப்படும் பெரிய தொழில்நுட்ப நிறுவனங்களில் 2016-ல் சேர்ந்தவர்களில் நூற்றுக்கு எட்டுப் பேர்தான் பெண்கள். 2018-லிருந்து பெண்களுக்கென்று கூடுதல் இடங்கள் உருவாக்கினார்கள். ஆண்களின் இடத்தில் ஒன்றையும் எடுக்கவில்லை. நுழைவுத் தேர்வில் தகுதி பெற்ற பெண்களுக்கு மட்டுமே அந்த இடம். 2020-ல் நூற்றுக்கு இருபது பேர் பெண்கள் ஆனார்கள்.

சூரியனை ஆராய 2023 செப்டம்பர் 2-ஆம் தேதி ஆதித்யா எல்-1 விண்கலம் கிளம்பியது. பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தூரத்தில் உள்ள தன் இடத்தை அது 2024 ஜனவரியில் அடைந்தது. அந்தத் திட்டத்தின் இயக்குநர் நிகர் ஷாஜி, தென்காசி மாவட்டம் செங்கோட்டைக்காரர். உள்ளூர் அரசு பெண்கள் பள்ளியில் படித்து, திருநெல்வேலி அரசுப் பொறியியல் கல்லூரிக்குப் போனவர். அவருடைய அப்பா கணிதத்தில் பட்டம் பெற்று விவசாயம் பார்த்தவர். வீட்டில் படிப்புக்குத் துணை இருந்தது. எல்லா வீட்டிலும் அந்தத் துணை இருக்காது. இல்லாத வீட்டுக்குக் குழு துணையாக நிற்க வேண்டும் என்பதற்காகத்தான் இந்தப் பாடம்.

2023 ஆகஸ்ட் 23 அன்று நிலவில் இறங்கிய சந்திரயான்-3 திட்டத்தின் இயக்குநர் விழுப்புரத்தைச் சேர்ந்த வீரமுத்துவேல். அவர் பள்ளி முடித்ததும் பாலிடெக்னிக்கில் டிப்ளமோ படித்து, பிறகு பொறியியல் போனவர். "பாலிடெக்னிக் போனா அதோட முடிஞ்சுது" என்று நினைக்க வேண்டாம். பத்தாவது முடித்து மூன்று ஆண்டு டிப்ளமோ படித்தவர்கள் பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம்.

ஆறு முதல் பன்னிரண்டு வரை: இந்த ஏழு வருஷம் முக்கியம்

இந்தப் பாடத்தில் ஒரே ஒரு விஷயத்தைத்தான் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வையுங்கள்.

மருத்துவத்துக்கு 2020-ல் வந்த 7.5 சதவீத ஒதுக்கீடு, 2021-ல் பொறியியல், விவசாயம், கால்நடை, மீன்வளம், சட்டப் படிப்புகளுக்கும் கொண்டுவரப்பட்டது. இந்த ஒதுக்கீட்டில் பொறியியல் சேரும் பிள்ளைகளின் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம், கலந்தாய்வுக் கட்டணம் எல்லாவற்றையும் அரசே ஏற்கும் என்று 2021-ல் அறிவிக்கப்பட்டது. மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பெயரில் உள்ள புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கியது. கல்லூரி, பாலிடெக்னிக், ஐ.டி.ஐ. எதில் சேர்ந்தாலும் மாதம் 1,000 ரூபாய் பிள்ளையின் வங்கிக் கணக்குக்கு வரும் திட்டம் அது.

இவற்றுக்குப் பொதுவான நிபந்தனை, ஆறாம் வகுப்பிலிருந்து பள்ளி முடிக்கும் வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும் என்பது. புதுமைப் பெண் திட்டம் மட்டும் 2024 டிசம்பரில் அரசு உதவி பெறும் பள்ளிகளில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கும் விரிவாக்கப்பட்டது.

இது தெரியாமல் நடந்த ஒன்றைச் சொல்கிறோம். ஒரு குழு உறுப்பினர் கொத்து வேலைக்குப் போகிறவர். மகள் எட்டாவது வரை அரசுப் பள்ளியில் முதல் மாணவி. "இவ்வளவு நல்லாப் படிக்கிற பிள்ளையை ஏன் அங்கேயே விட்டு வச்சிருக்கே" என்று சொந்தக்காரர்கள் சொல்ல, குழுவில் 40,000 ரூபாய் கடன் வாங்கி ஒன்பதாம் வகுப்பில் தனியார் பள்ளியில் சேர்த்தார். நான்கு வருஷம் கஷ்டப்பட்டுக் கட்டணம் கட்டினார். பிள்ளையும் ஏமாற்றவில்லை. பொறியியல் கட்-ஆப் 200-க்கு 170-க்கு மேல். கலந்தாய்வு விண்ணப்பம் போடப் போன இடத்தில்தான் தெரிந்தது, 7.5 சதவீதத்தில் இவள் வரமாட்டாள் என்று. புதுமைப் பெண் உதவியும் இல்லை. அதே ஊரில் அரசுப் பள்ளியிலேயே இருந்த, இவளைவிட மார்க் குறைந்த பிள்ளைக்கு நல்ல கல்லூரியில் செலவில்லாமல் இடம் கிடைத்தது.

"நல்லது செய்யணும்னுதானே சார் கடன் வாங்குனேன், யாரும் ஒரு வார்த்தை சொல்லலியே" என்று அந்த அம்மா கேட்டார். பிள்ளை இப்போது முதல் பட்டதாரிச் சலுகையில் வேறு கல்லூரியில் படிக்கிறாள். தனியார் பள்ளிக்காக வாங்கிய கடனை அம்மா இன்னும் கட்டிக்கொண்டிருக்கிறார்.

அரசுப் பள்ளியில் குறை இருந்தால் அதைச் சரிசெய்யக் கேட்போம். கணக்கு ஆசிரியர் இடம் காலியாக இருந்தால் மனுப் போடுவோம். ஆனால் பள்ளியை மாற்றுவதற்கு முன், மாற்றினால் எதை இழப்போம் என்று தெரிந்துகொண்டு முடிவெடுப்போம்.

வகுப்பு வாரியாகக் கவனிக்க வேண்டியவை

6, 7-ஆம் வகுப்பு: கணக்குப் பயம் பெரும்பாலும் இங்கேதான் தொடங்குகிறது. பின்னம், சதவீதம் இரண்டையும் வீட்டில் வட்டிக் கணக்கு வைத்துப் பழக்குங்கள். குழுப் பதிவேட்டைப் பிள்ளையிடம் கொடுத்துக் கூட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.

8-ஆம் வகுப்பு: என்.எம்.எம்.எஸ். எனப்படும் தேசிய வருவாய் வழித் திறன் தேர்வு. இதில் தேர்வானால் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய். அரசு, உள்ளாட்சி, உதவி பெறும் பள்ளிப் பிள்ளைகள் எழுதலாம். "எங்க பிள்ளை பேர் கொடுத்தாச்சா?" என்று தலைமை ஆசிரியரிடம் நேரில் போய்க் கேளுங்கள்.

9-ஆம் வகுப்பு: ஊரகத் திறனாய்வுத் தேர்வு. கிராமப்புறப் பிள்ளைகளுக்கு மட்டும். மாவட்டத்துக்கு 50 மாணவியர், 50 மாணவர் தேர்வாகிறார்கள். பணம் குறைவுதான், ஆனால் பெரிய தேர்வு எழுதும் தைரியம் வரும்.

10-ஆம் வகுப்பு: பக்கத்தில் எந்த மேல்நிலைப் பள்ளியில் எந்தப் பிரிவு இருக்கிறது என்று தேர்வுக்கு முன்பே விசாரியுங்கள். உள்ளூரில் அறிவியல் பிரிவு இல்லை என்றால் ஆதிதிராவிடர் நல விடுதி, பிற்படுத்தப்பட்டோர் நல விடுதி எங்கே இருக்கிறது என்று பாருங்கள். குரூப் எடுக்கும் நாளில் அம்மா கட்டாயம் கூடப் போக வேண்டும். ஒரு நாள் கூலி போனாலும் பரவாயில்லை.

11, 12-ஆம் வகுப்பு: சாதிச் சான்று, வருமானச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று மூன்றையும் இ-சேவை மையத்தில் முன்கூட்டியே வாங்கி வையுங்கள். முதல் பட்டதாரிச் சலுகை, குடும்பத்தில் இதற்கு முன் யாரும் பட்டம் வாங்கியிருக்கக்கூடாது என்ற விதியில் தரப்படுவது. அண்ணன் பட்டதாரி என்றால் தங்கைக்குக் கிடைக்காது. பொறியியலுக்குக் கட்-ஆப் போடுவது எளிது: கணிதம் 100-க்கு, இயற்பியல் 50-க்கு, வேதியியல் 50-க்கு, மொத்தம் 200.

கல்லூரி சேரும்போது: எஸ்.சி., எஸ்.டி. பிள்ளைகளுக்குப் பெற்றோர் ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருந்தால் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை. பொறியியல், டிப்ளமோ சேரும் பெண்களுக்கு ஏ.ஐ.சி.டி.இ. வழங்கும் பிரகதி உதவித்தொகை ஆண்டுக்கு 50,000 ரூபாய். ஒரு குடும்பத்தில் இரண்டு பெண்கள் வரை விண்ணப்பிக்கலாம். வங்கியில் கல்விக்கடன் கேட்டால் 4 லட்சம் ரூபாய் வரை சொத்து ஜாமீன் கேட்கக்கூடாது. கேட்டால் கூட்டமைப்பிடம் வாருங்கள், சேர்ந்து போவோம்.

திட்டங்களின் விதியும் தொகையும் கடைசித் தேதியும் அவ்வப்போது மாறும். விண்ணப்பிக்கும் முன் தலைமை ஆசிரியரிடமோ, கல்வித் துறையின் 14417 உதவி எண்ணிலோ கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

குழு என்ன செய்யலாம்?

ஒன்று, பிள்ளைகள் பட்டியல். உறுப்பினர் வீடுகளில் ஆறாவது முதல் பன்னிரண்டாவது வரை படிக்கும் பெண் பிள்ளைகளின் பெயர், வகுப்பு, பள்ளி ஆகியவற்றைத் தீர்மானப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் எழுதுங்கள். கடன் தவணை யாருக்கு எப்போது என்று நமக்கு மனப்பாடம். எந்தப் பிள்ளைக்கு எந்தத் தேர்வு எப்போது என்பதும் அப்படித் தெரிய வேண்டும். குழுவில் சேராத வீட்டுப் பிள்ளைகளையும், காலனியில் உள்ள பிள்ளைகளையும் விட்டுவிடாதீர்கள். தகவல் கடைசியாகப் போய்ச்சேருவது அவர்களுக்குத்தான்.

இரண்டு, படிக்கும் இடம். மாலை ஆறு முதல் ஏழரை வரை குழுக் கட்டடத்திலோ, வெளிச்சம் உள்ள ஒரு வீட்டுத் திண்ணையிலோ பிள்ளைகள் சேர்ந்து படிக்கட்டும். பன்னிரண்டாவது படிக்கும் அக்கா எட்டாவது தங்கைக்குச் சொல்லித்தரலாம். ஊரில் கல்லூரி போகும் பெண் யாராவது இருந்தால் வாரம் ஒரு நாள் கூப்பிடுங்கள். சொல்லித்தருகிறவருக்கு டீச் செலவு தவிர வேறு செலவு இல்லை.

மூன்று, கல்விக்கான உள்கடன். மகனின் படிப்புக்குக் கடன் கேட்டால் உடனே கொடுக்கிறோம். மகளுக்கு என்றால் "கல்யாணச் செலவு இருக்கே" என்று யோசிக்கிறோம். கடன் பதிவேட்டைப் புரட்டி, போன மூன்று வருஷத்தில் கல்விக்காகக் கொடுத்த கடனில் மகளுக்கு எவ்வளவு, மகனுக்கு எவ்வளவு என்று கூட்டிப் பாருங்கள். வந்த தொகையைக் கூட்டத்தில் வாசியுங்கள்.

நான்கு, வாயைக் கட்டுவது. "பொம்பளப் பிள்ளைக்குக் கணக்கு வராது" என்ற பேச்சைக் குழுவுக்குள் இனி யாரும் சொல்வதில்லை என்று முடிவெடுங்கள். சொன்னால் அபராதம் எவ்வளவு என்பதையும் நீங்களே வையுங்கள். வசூலாகும் தொகையில் பிள்ளைகளுக்கு ஜியோமெட்ரி பாக்ஸ் வாங்கலாம்.

கூட்டத்தில் பேச வேண்டிய கேள்விகள்

1. நம் குழுவில் பத்தாவது முடித்த பெண் பிள்ளைகள் எத்தனை பேர்? யார் யார் எந்தக் குரூப் எடுத்தார்கள்? யார் முடிவு செய்தது?

2. நம் ஊரிலிருந்து அறிவியல் பிரிவு உள்ள பள்ளிக்கு எவ்வளவு தூரம்? பஸ் நேரம் சரியாக இருக்கிறதா?

3. நம் வீட்டில் மகனுக்குக் கிடைக்கும் படிக்கும் நேரம் மகளுக்கும் கிடைக்கிறதா? அவள் வேலையில் எதை அண்ணன் தம்பி செய்யலாம்?

4. பள்ளியை மாற்ற நினைத்திருப்பவர்கள் யாராவது இருக்கிறார்களா? ஏழு வருஷ விதி அவர்களுக்குத் தெரியுமா?

5. மேலே சொன்ன நான்கு வேலைகளில் இந்த மாதமே எதைத் தொடங்கலாம்? பொறுப்பு யார்?

பேசி முடித்ததைத் தீர்மானமாக எழுதி, எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள். பிள்ளைகள் பட்டியலின் ஒரு பிரதியை அடுத்த கூட்டமைப்புக் கூட்டத்துக்கு வரும் பிரதிநிதியிடம் கொடுத்து அனுப்புங்கள். எல்லாக் குழுப் பட்டியலும் வந்து சேர்ந்ததும், எந்தப் பள்ளியில் எத்தனை பேர், எங்கே கணக்கு ஆசிரியர் இல்லை, எந்தத் தடத்தில் பஸ் வேண்டும் என்று ஒரே மனுவாக எழுதி மாவட்டக் கல்வி அலுவலரிடம் கொடுக்கலாம். ஒரு அம்மா போய்க் கேட்டால் "பார்க்கலாம்" என்பார்கள். கூட்டமைப்பாகப் போனால் உட்காரச் சொல்லிப் பேசுவார்கள். இதை வங்கியில் நாம் பார்த்தோம், பள்ளிக்கூட விஷயத்திலும் பார்ப்போம்.